ரெயிலில் முகம், பஸ்ஸில் முதுகு

யாழ்ப்பாணத்துக்குப் போவதற்கு பஸ் நல்லதா, ரெயில் நல்லதா என்று கொழும்பு வெள்ளவத்தையில் யாரைக் கேட்டாலும் ஒரு பதில் ஆயத்தமாக வைத்திருப்பார்கள். பஸ் என்றால் வீட்டு வாசலடியில் ஏறலாம் என்பார் ஒருவர். ரெயில் என்றால் கால் நீட்டலாம், கழிவறை இருக்கிறது என்பார் இன்னொருவர். முதுகு, நாரி நோவு, குலுக்கல், ஏசிக் குளிர், மூத்திரம் எல்லாவற்றையும் அலசி முடித்த பிறகு என் பக்கம் திரும்பி, நீங்கள் எதில் போவீர்கள் என்று கேட்பார்கள். பஸ்ஸில் என்பேன். ஏன் என்று சொல்வதில்லை.

காரணம் மிகவும் சின்னது. பஸ்ஸில் எல்லா இருக்கைகளும் ஒரே பக்கம் பார்த்திருக்கும். முன்னால் இருப்பவருடைய பிடரி எனக்குத் தெரியும், என்னுடைய பிடரி பின்னால் இருப்பவருக்குத் தெரியும், அதோடு சரி. எங்கள் காலத்து ரெயில், வீட்டில் கோச்சி என்போம், அப்படியில்லை. முழங்காலோடு முழங்கால் இடிக்க எதிரெதிரே உட்கார்ந்து, கொழும்புக் கோட்டை ஸ்டேஷனிலிருந்து யாழ்ப்பாணம் வரைக்கும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டே போக வேண்டும். அந்த எதிர் இருக்கையை நினைத்தால் இந்த வயதிலும் எனக்கு எரிச்சல் வருகிறது.

எழுபதுகளில் நாங்கள் வெள்ளவத்தையில் இருந்தோம். காலி வீதியிலிருந்து கடற்கரைக்கு இறங்கும் ஒரு ஒழுங்கையில், ஒரு சிங்களக் குடும்பத்தின் வீட்டுக்குப் பின்னால் ஒட்டிக் கட்டிய அனெக்ஸ். ஒன்றரை அறை. அப்பா கோட்டையில் ஒரு திணைக்களத்தில் கிளார்க். அக்கா கலியாணம் முடித்துக் கண்டிக்குப் போய்விட்டாள். நான் கொட்டாஞ்சேனையில் ஒரு சின்னக் கம்பெனியில் டைப் அடித்துக்கொண்டிருந்தேன். காலையில் பஸ், பின்னேரம் பஸ், பிறகு அந்த ஒன்றரை அறை.

கோபப்படுவதற்கும் ஓர் இடம் வேண்டும். எங்கள் வீட்டில் சாத்திக்கொள்ளக்கூடிய கதவு குளியலறைக் கதவு ஒன்றுதான். அதுவும் வீட்டுக்காரரோடு பொது. ஐந்து நிமிடத்துக்கு மேல் உள்ளே நின்று கோபப்பட்டால் வீட்டுக்கார அம்மா வந்து, "நங்கி, இவரத?" என்று தட்டுவா. முடிந்ததா என்று கேட்கிறா. முடிந்தது என்று கதவைத் திறந்து வந்து அம்மாவுக்குத் தேங்காய் துருவிக் கொடுப்பேன்.

அப்பாவின் வாழ்க்கையில் பெரிய விஷயம் வாரண்ட். பொலிஸ்காரர் கொண்டுவரும் வாரண்ட் இல்லை. அரசாங்க உத்தியோகத்தர்கள் வருடத்தில் மூன்று முறை குடும்பத்தோடு ரெயிலில் இலவசமாகப் போய்வருவதற்குக் கொடுக்கும் சீட்டுக்கு அந்தப் பெயர். அதற்கு ஒரு படிவம் நிரப்ப வேண்டும். உத்தியோகத்தர் பெயர், மனைவி பெயர், மணமாகாத பிள்ளைகளின் பெயர், வயது. அப்பா அதை நிரப்புவதைப் பார்க்க வேண்டும். மேசையைத் துடைத்து, கையைக் கழுவி, பேனாவுக்கு மை ஊற்றி, பூசைக்கு இருப்பவர் போல இருப்பார். கந்தோரிலிருந்து ஒரு குண்டூசியைக்கூட வீட்டுக்குக் கொண்டுவராத மனிதர், அந்தப் படிவத்தில் மட்டும் கூசாமல் ஒரு பொய் எழுதுவார். என் வயது இருபத்தாறு. மூன்று வருடமாக எனக்கு இருபத்தாறு. அந்தப் படிவம் ஏறி இறங்கும் மேசைகளில் இருப்பவர்களும் எங்கள் ஆட்கள்தானே, அவர்கள் வீடுகளிலும் கலியாணம் செய்யாத பெடியன்கள் இருப்பார்கள்தானே, அவர்கள் கண்ணில் என் வயது கூடிப்போகக் கூடாது என்பது அவருடைய யோசனை. அக்காவின் பெயர் கலியாணத்தோடு படிவத்திலிருந்து போய்விட்டது. அதிலிருந்து வெளியே வருவதற்கு எனக்குத் தெரிந்து வேறு வழி இருக்கவில்லை.

அந்த வழியை ரெயிலுக்குள் திறந்து வைத்தவர் எங்கள் கலியாணத் தரகர். பெண் பார்க்க வீட்டுக்கு ஆட்கள் வந்தால் பலகாரம் சுட வேண்டும். வந்தது ஒழுங்கை முழுக்கத் தெரியும். பிடிக்காமல் போனால் அது இன்னும் வேகமாகத் தெரியும். கோயிலில் பார்க்கலாம் என்றால் சனத்துக்குள் ஆளைத் தவறவிட்டுவிடுவார்கள். தரகர் யோசித்தார். கொழும்பில் உத்தியோகம் பார்க்கிற இரண்டு குடும்பமும் ஆவணியில் நல்லூர்த் திருவிழாவுக்கும் சித்திரையில் வருடப்பிறப்புக்கும் எப்படியும் வாரண்டில் ஊருக்குப் போகத்தான் போகிறார்கள். ஒரே பெட்டியில் ஏறித் தற்செயலாக எதிரெதிரே உட்கார்ந்தால் போதும்.

"ஆறுதலா எட்டு மணித்தியாலம் பாக்கலாம் ஐயா. நடக்கிறதைப் பாக்கலாம், சாப்பிடுறதைப் பாக்கலாம், நித்திரை கொள்ளுறதையும் பாக்கலாம். பிடிக்காட்டி ஒருத்தருக்கும் நட்டமில்லை. பிள்ளைக்குத் தெரியவே தெரியாது" என்று அவர் அப்பாவிடம் சொன்னதை நான் குளியலறைக்குள் நின்று கேட்டேன்.

தெரியாமல் எப்படி இருக்கும்? எனக்குக் கண் பார்வை குறைவு. மூன்றாம் வகுப்பிலிருந்து கண்ணாடி போட்டிருக்கிறேன், அதுவும் தடித்த கண்ணாடி. கண்ணாடி போட்ட பெட்டை என்றால் மாப்பிள்ளை வீட்டார் முகத்தைச் சுளிப்பார்கள். ஆகவே கோட்டையில் ரெயில் ஏறியதும் அம்மா என் காதுக்குள், "கண்ணாடியைக் கழட்டு பிள்ளை" என்று சொன்னால், இந்தப் பெட்டிக்குள் யாரோ என்னைப் பார்க்க வந்திருக்கிறார்கள் என்று அர்த்தம். யார் என்று கண்டுபிடிக்கத்தான் முடியாது. கண்ணாடியைக் கழற்றினால் எதிரில் இருக்கிற முகங்கள் எனக்கு வெள்ளை அப்பம் மாதிரி வட்டமாகத் தெரியும். கண்ணும் இல்லை, மூக்கும் இல்லை. எந்த அப்பம் மாப்பிள்ளை, எந்த அப்பம் மாமியார் என்று தெரியாமல் எல்லா அப்பத்துக்கும் பொதுவாக ஒரு அடக்கமான முகத்தை வைத்துக்கொண்டு எட்டு மணித்தியாலம் இருக்க வேண்டும். எழும்பிப் போகவும் முடியாது. ஓடுகிற ரெயிலில் எங்கே போவது? கழிவறைக்குப் போனாலும் நடக்கிறதைப் பார்ப்பார்கள்.

மூன்றாவது தடவை நடந்ததைச் சொன்னால் சிரிப்பீர்கள். வவுனியா தாண்டியதும் அம்மா ஃபிளாஸ்க்கிலிருந்து தேத்தண்ணியை ஊற்றி என் கையில் தந்து, "மாமாவுக்குக் குடு" என்றா. எனக்கு முன்னால் ஓர் உயரமான உருவம் நின்றது. குனிந்து, மரியாதையாக, இரண்டு கையாலும் கொடுத்தேன். அந்த உருவம் வாங்கிக் குடித்தது. குடித்து முடித்து, "நல்ல தேத்தண்ணி. இப்ப வாரண்டை எடுங்கோ பாப்பம்" என்றது. டிக்கெட் பரிசோதகர். மாமா, அதாவது மாப்பிள்ளையின் அப்பா, பக்கத்து இருக்கையில் நா வறண்டுபோய் இருந்திருக்கிறார். அந்தச் சம்பந்தம் அதோடு முடிந்தது. அம்மா ஒரு கிழமை என்னோடு கதைக்கவில்லை, நான்தான் கண்ணாடியைக் கழற்றி எறிந்துவிட்டுத் தேத்தண்ணி கொடுத்த மாதிரி.

அம்மாவிடம் இன்னொரு வேலையும் இருந்தது. பெட்டி கொஞ்சம் சூடு பிடித்ததும் முறுக்கு டின்னைத் திறந்து எதிரில் நீட்டுவா. "எடுங்கோ, பிள்ளை சுட்டது" என்பா. நான் வாழ்நாளில் முறுக்குச் சுட்டதில்லை. எனக்கு அந்த உரலைப் பிழியக் கைவலு காணாது.

இப்படி ஏழு தடவை. ஏழு தடவையும் யாழ்ப்பாணத்தில் இறங்கி இரண்டு கிழமைக்குள் தரகர் வருவார், சாதகம் பொருந்தவில்லையாம் என்பார். ரெயில் ஏறுமுன் நன்றாகப் பொருந்தியிருந்த சாதகம் இறங்கியபின் பொருந்தாமல் போய்விடும். அப்பா வழமைபோலக் கந்தோருக்குப் போவார். நானும் கொட்டாஞ்சேனைக்குப் போவேன். பஸ்ஸில் யன்னல் பக்கம் இருந்து, என் முகத்தில் அவர்களுக்கு என்ன பிடிக்கவில்லை என்று யோசிப்பேன். கண்ணாடி போட்டால் பிடிக்காது என்றார்கள், கழற்றினாலும் பிடிக்கவில்லையே. வேண்டாம் என்று சொன்னவர்களின் முகத்தை ஒரு தடவையாவது பார்த்திருந்தால் திருப்பி நானும் வேண்டாம் என்று சொல்லியிருப்பேன். அதற்கும் கொடுத்து வைக்கவில்லை.

என் பக்கத்து மெஷினில் டைப் அடித்தவள் கொட்டாஞ்சேனைக்காரி. அவளுடைய அப்பாவுக்குச் செட்டியார் தெருவில் கடை. பூர்வீகம் இந்தியா. வருடத்தில் ஒரு தடவை யாழ்ப்பாணத்தில் இருந்த அத்தை வீட்டுக்குப் போய்வருவாள். ஒருநாள் மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் எல்லாவற்றையும் அவளிடம் கொட்டினேன். அவள் சோற்றுப் பார்சலை மூடி வைத்துவிட்டுச் சிரித்தாள்.

"நீ ஏன்டி ரயில்ல போற? பஸ்ஸுல போ. ஏறி உக்காந்தா முன்னாடி இருக்கவன் மண்டதான் தெரியும். உம்மூஞ்சிய எவனாச்சும் பாக்கணும்னா டிரைவர் கண்ணாடியிலதான் பாக்கணும்."

எனக்கு ஏன் இது இவ்வளவு காலமும் தோன்றவில்லை? அன்று பின்னேரம் வீட்டுக்குப் போனதும் செருப்பைக்கூடக் கழற்றாமல் சொன்னேன், இந்தத் திருவிழாவுக்கு நாங்கள் மூன்று பேரும் பஸ்ஸில் போவோம் என்று. அப்பா பேப்பரைத் தாழ்த்தினார்.

"வாரண்டை வச்சுக்கொண்டு பஸ்ஸிலயோ?"

"ஓம். ரெயிலெண்டால் நான் வரேல்லை."

"உனக்குப் பஸ்ஸில தலை சுத்தும், சத்தி வரும்."

"வந்தால் வரட்டும். என்னை இனிக் கோச்சியில வச்சுக் காட்ட ஏலாது அப்பா. ஏழு தரம் காட்டியாச்சு. எட்டாந்தரம் காட்டினால் நான் ஓடுற கோச்சியால குதிப்பன்."

அம்மா உள்ளேயிருந்து, "சத்தம் போடாதை, வீட்டுக்காரருக்குக் கேக்கும்" என்றா. அவர்களுக்குத் தமிழ் விளங்காது. ஆனாலும் நான் சத்தத்தைக் குறைத்தேன். அந்த வீட்டில் கத்திப் பழக்கமில்லை. நான்கு நாள் நானும் அப்பாவும் பேசவில்லை. ஒன்றரை அறைக்குள் மூன்று பேர் இருந்துகொண்டு பேசாமல் இருப்பது லேசான வேலை இல்லை, ஒவ்வொரு தடவையும் வழிவிட்டு ஒதுங்க வேண்டும். ஐந்தாம் நாள் அவர் குசினி வாசலில் வந்து நின்றார்.

"பிள்ளை, இந்தமுறை ஒரு விசயமும் இல்லை. சும்மா திருவிழாவுக்குப் போட்டு வருவம். கோச்சியிலயே போவம்."

"உண்மையாவோ?"

"நான் பொய் சொல்லுறனானோ?"

படிவத்தில் இருக்கும் இருபத்தாறு என் வாய்வரை வந்தது. விழுங்கிக்கொண்டேன். அவர் முகம் களைத்துப் போயிருந்தது. எனக்காக முதல்முறை விட்டுக்கொடுக்கிறார் என்று நினைத்தேன். நான் வென்றுவிட்டேன் என்றும் நினைத்தேன். சரி என்றேன்.

கோட்டையில் காலை ரெயில் ஏறினோம். அம்மா என் காதுக்குள் ஒன்றும் சொல்லவில்லை. கண்ணாடி என் மூக்கில் இருந்தது. எனக்கு யன்னல் கிடைத்தது. எதிரில் ஒரு அம்மா, அவருடைய கணவர், மீசை வைத்த ஓர் இளைஞர். கொஞ்சம் தள்ளி அப்பாவின் கந்தோர்க்காரர் இரண்டு பேர் குடும்பத்தோடு, வெள்ளவத்தைச் சந்தையில் காணும் முகங்கள், தெஹிவளைக்காரர் சிலர். பெட்டி நிறையத் தெரிந்த ஆட்கள். ஆவணியில் அந்த ரெயில் அப்படித்தான், பாதி வெள்ளவத்தை அதற்குள் இருக்கும்.

சொன்னால் நம்ப மாட்டீர்கள், எத்தனையோ தடவை போன பாதையை அன்றைக்குத்தான் ஒழுங்காகப் பார்த்தேன். பொல்காவலையில் கூடையோடு ஓடிவந்த வடைக்காரனின் முகத்தில் அம்மைத் தழும்பு இருந்தது. குருநாகலில் பெரிய கல்மலை ஒன்று இருந்தது. வயலுக்குள் நின்ற ஒரு சின்னப் பெண் கை காட்டினாள், நானும் கை காட்டினேன். எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அப்படி ஒரு சந்தோஷம் ரெயிலுக்குள் எனக்கு வரும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. அப்பாவைப் பார்த்துச் சிரித்தேன். அவர் பேப்பருக்குள் முகத்தை வைத்துக்கொண்டார்.

மாகோ தாண்டிக் கொஞ்ச நேரத்தில் வெயில் ஏறியது. வெளியே வறண்ட காடு. யன்னலால் புழுதி வந்து கண்ணாடி முழுவதும் படிந்தது. நான் சேலைத் தலைப்பால் துடைக்கப் போனேன்.

"கீறிப்போடுவாய். தா, நான் துடைச்சுத் தாறன்" என்று அப்பா கையை நீட்டினார். கொடுத்தேன். அவர் லேஞ்சியை எடுத்துத் துடைக்கத் தொடங்கினார். அந்த நேரம் பார்த்து டிக்கெட் பரிசோதகர் வந்தார். அப்பா வாரண்டை எடுப்பதற்காகக் கண்ணாடியைச் சட்டைப் பொக்கற்றுக்குள் வைத்தார். பரிசோதகர் போனார். கண்ணாடி வெளியே வரவில்லை.

ஒரு நிமிடம் பார்த்தேன். இரண்டு நிமிடம். பிறகு முறுக்கு டின் திறக்கும் சத்தம் கேட்டது.

"எடுங்கோ. பிள்ளை சுட்டது."

"மகள் வேலை செய்யிறாவோ?" என்று எதிரில் இருந்த அம்மா கேட்டா.

"ஓம், கொட்டாஞ்சேனையில டைப்பிங்."

"என்ன வயது?"

"இருபத்தாறு" என்றா என் அம்மா.

எதிரில் மூன்று அப்பங்கள். நடுவில் இருந்தது மீசைக்கார அப்பம். எட்டாவது தடவை. சத்தியம் பண்ணாத குறையாகச் சொல்லி, என் கையாலேயே கண்ணாடியை வாங்கிப் பொக்கற்றுக்குள் போட்டுக்கொண்டாரே என்று நினைத்தபோது, அப்பாவை நான் வெறுத்தேன். இதை எழுதக் கூச்சமாக இருக்கிறது. ஆனால் அந்த நிமிடம் வெறுத்தேன். எழுந்து நின்றேன்.

"நடந்து காட்டட்டோ?" என்று கேட்டேன். என் குரல் எனக்கே பெரிதாகக் கேட்டது. "எனக்கு இருபத்தொன்பது வயது. இந்த முறுக்கு அம்மா சுட்டது. எனக்குக் கண் தெரியாது, கண்ணாடி அப்பாவின்ர பொக்கற்றுக்குள்ள கிடக்கு. வேற என்ன பாக்கவேணும் எண்டு சொல்லுங்கோ, காட்டுறன். பாத்துப்போட்டு இதிலயே சொல்லுங்கோ, வேணுமோ வேண்டாமோ எண்டு. பிறகு சாதகத்தைச் சாட்டாதேங்கோ."

நடு அப்பம் இடப்பக்கத்து அப்பத்தைத் திரும்பிப் பார்த்தது.

"நாங்கள் வவுனியாவில இறங்கிற ஆக்கள் பிள்ளை" என்றா எதிரில் இருந்த அம்மா. பயந்துபோன குரல். "இவன் என்ர தம்பி. கலியாணம் முடிச்சு ரெண்டு பிள்ளையள். சும்மா கதைக்கிறதுக்குத்தான் கேட்டனான்."

என் அம்மா அழத் தொடங்கினா. நான் நின்றபடியே நின்றேன். உட்காருவதா, என்ன செய்வது என்று தெரியவில்லை. பெட்டிக்குள் இருந்த எல்லாரும் என்னைப் பார்க்கிறார்கள் என்று தெரிந்தது, ஒரு முகமும் தெரியவில்லை. ரெயில் மெதுவாகி அனுராதபுரத்தில் நின்றது. அப்பா என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு மேடையில் இறக்கினார்.

தண்ணீர்க் குழாயடிக்கு அருகில், மறந்துபோனன் பிள்ளை என்று கண்ணாடியை எடுத்துத் தந்தார். போட்டுக்கொண்டேன். கந்தோர்க்காரர் இருவரும் யன்னலால் எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். முப்பது வருடம் ஒருவரோடும் சண்டை சச்சரவில்லாமல் உத்தியோகம் பார்த்த மனிதரை நான் அவர்களுக்கு முன்னால் என்ன செய்துவிட்டேன் என்று அப்போதுதான் உறைத்தது.

"அப்பா, நான் நம்பாமல் விட்டிட்டன். நீங்கள் எனக்காகத்தானே வேண்டாமெண்டு சொன்னனீங்கள். மன்னிச்சுக்கொள்ளுங்கோ" என்றேன்.

அவர் குழாயைத் திறந்து முகத்தைக் கழுவினார். கழுவிவிட்டுத் துடைக்காமல் நின்றார்.

"நான் வேண்டாமெண்டு சொல்லேல்லை" என்றார். "தரகர் நாலு இடத்தில கேட்டவர். நாலு பேரும் வரமாட்டினமாம்."

"ஏன்?"

"அந்தக் கோச்சியில வாற பிள்ளையோ, அது பாத்த பிள்ளை எண்டினமாம்."

எனக்கு முதலில் விளங்கவில்லை. பிறகு திரும்பி அந்தப் பெட்டியைப் பார்த்தேன். வெள்ளவத்தை, தெஹிவளை, பம்பலப்பிட்டி. எல்லா யன்னல்களிலும் முகங்கள், கண்ணாடி போட்டதால் எல்லா முகங்களும் தெளிவாகத் தெரிந்தன. ஏழு குடும்பம்தான் என்னைப் பார்க்க வந்தது என்று நான் எண்ணிக்கொண்டிருந்தேன். அது பிழை. ஏழு தடவையும் முழுப் பெட்டியும் என்னைப் பார்த்திருக்கிறது. தேத்தண்ணியை மாற்றிக் கொடுத்ததையும், முறுக்கு நீட்டியதையும், சாதகம் பொருந்தாமல் போனதையும் எல்லோரும் பார்த்து முடித்துவிட்டார்கள். இனிப் பார்க்க வருவதற்கு ஆள் இல்லை. வீட்டுக்கு வந்து பார்த்தால் ஒழுங்கைக்குத் தெரிந்துவிடும் என்று பயந்து, ஒரு ஊருக்கே காட்டியிருக்கிறோம்.

"இனி நீ கண்ணாடியைக் கழட்டத் தேவையில்லை" என்றார் அப்பா. ஆறுதலாகத்தான் சொன்னார்.

நான் கேட்டது அதுதானே. இனி ஒருவரும் என்னைப் பார்க்கக் கூடாது என்றுதானே நான்கு நாள் பேசாமல் இருந்தேன், அத்தனை பேருக்கு முன்னால் கத்தினேன். கேட்டது கிடைத்தபோது எனக்குச் சந்தோஷமாக இருக்கவில்லை. ஒரு அப்பமாவது என்னைப் பார்த்துச் சரி என்று சொல்லும் என்று நான் இவ்வளவு காலமும் காத்திருந்திருக்கிறேன். எனக்கு அது தெரியாது. தெரிந்தபோது என்மேலேயே கோபம் வந்தது. வெட்கமில்லாதவளே, உனக்கு இது நோகிறதா என்று என்னையே கேட்டேன். நொந்தது.

ரெயில் ஊதியது. ஏறினோம். போய் இருப்பதற்கு அந்த இடத்தைத் தவிர வேறு இடம் இல்லை. அதே எதிர் இருக்கை, அதே மூன்று பேர். மதவாச்சி வரைக்கும் மீசைக்காரர் தன் செருப்பைப் பார்த்துக்கொண்டு வந்தார். வவுனியாவில் இறங்கும்போது அந்த அம்மா, "போட்டு வாறம் பிள்ளை" என்றா. நான் தலையை ஆட்டினேன். அவர்கள் போனபின் எதிர் இருக்கை வெறுமையாகக் கிடந்தது. நின்றுகொண்டு வந்தவர்கள் இருந்தார்கள், ஆனாலும் யாழ்ப்பாணம் வரைக்கும் ஒருவரும் அதில் வந்து உட்காரவில்லை.

தேர், தீர்த்தம் எல்லாம் முடிந்தது. கும்பிட்டேனா, என்ன கும்பிட்டேன் என்று ஞாபகம் இல்லை. கொழும்புக்குத் திரும்புவதற்கு முதல்நாள் காலை அப்பா ஊர் வீட்டு முற்றத்தில் கதிரையைப் போட்டுச் சவரம் செய்துகொண்டிருந்தார். நான் போய்ப் பக்கத்தில் நின்றேன்.

"அப்பா, நான் பஸ்ஸில போறன். தனிய."

அந்தக் காலத்தில் கலியாணம் செய்யாத பெண் யாழ்ப்பாணத்திலிருந்து கொழும்புக்குத் தனியாகப் பஸ்ஸில் போவதென்றால் வீட்டில் பிரளயம் நடக்கும். குமர்ப்பிள்ளை, நாலு சனம் என்ன கதைக்கும், வழியில் ஏதும் நடந்தால் யார் பதில் சொல்வது என்று அப்பாமார் கத்துவார்கள். நானும் அதற்கு ஆயத்தமாகத்தான் போயிருந்தேன். என்ன சொன்னால் என்ன சொல்வது என்று இரவு முழுக்க யோசித்து வைத்திருந்தேன்.

அப்பா சவரக் கத்தியைத் தண்ணீரில் அலசினார்.

"ஓம் பிள்ளை. காலமை பஸ்ஸைப் பிடிச்சியெண்டால் பொழுதுபட முந்திப் போயிடலாம்" என்றார்.

அவ்வளவுதான். மற்றக் கன்னத்தில் சவர்க்காரம் பூசத் தொடங்கினார். இன்னும் ஏதாவது சொல்வார், வேண்டாம் என்று ஒரு சொல்லாவது சொல்வார் என்று நான் அந்த முற்றத்தில் நின்றுகொண்டே இருந்தேன். அவர் சவரம் செய்து முடித்து, முகத்தைத் துடைத்து, கதிரையையும் தூக்கிக்கொண்டு உள்ளே போனார்.